அரை மில்லி

ஆனி மாசச் சாரல். மாவடி விலக்கில்
வாழை ஒன்று லைன்மேல் சாய்ந்து கிடந்தது.
ஊர் மொத்தத்துக்கும் கரண்டை அணைத்துவிட்டுத்தான்
கம்பத்தில் ஏறியிருக்கிறார் பலவேசம்.
பீங்கானுக்குப் பின்னால், ஈரக் காகித நிறத்தில்
ஒரு கதண்டுக்கூடு.
கம்பியில் சாவு இல்லை என்று உறுதி செய்துகொண்டவருக்கு
அது தெரியவில்லை.

பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே நெருக்கி வைத்துக் கொண்டுவந்தார்கள்.
கழுத்தில் இரண்டு, காதில் ஒன்று, புறங்கையில் ஒன்று;
சுண்ணாம்பு தடவி நாலு வெள்ளைப் பொட்டு.
"நாலே நாலு கொட்டுதாம்மா" என்றான் ஹெல்ப்பர் செல்வின்,
குறைத்துச் சொன்னால் குறைந்துவிடும் என்பதுபோல.

நான் பொட்டைப் பார்க்கவில்லை.
உதடு பார்த்தேன். இமை பார்த்தேன்.
"என்ன செய்யுது?"
"ஒண்ணுமில்ல சிஸ்டர், உள்ளங்கை அரிக்கி.
தொண்டையில என்னமோ கெடக்கு."
பானைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது.
விரலுக்கடியில் நாடி நூலாக ஓடியது,
பிறகு அந்த நூலையும் தேடவேண்டியிருந்தது.

போன வருஷமும் வந்தார். ஒரே ஒரு கொட்டு.
உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு.
ஊசி ஒன்று, மாத்திரை ஆறு,
"இனிமே பாத்து ஏறும்வே" என்று அனுப்பினேன்.
உடம்பு வட்டிக்கடைக்காரன்போல
முதல் கொட்டை நோட்டில் எழுதிக்கொள்ளும்,
அடுத்ததுக்கு வீட்டுப் பத்திரத்தையே கேட்கும்
என்று சொல்லியிருக்கலாம்.
அன்றைக்கு வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள்.
அது ஒரு காரணமா?

எங்கள் ஆஸ்பத்திரியிலும் கரண்ட் இல்லை;
அவர் அணைத்ததுதான்.
அவர் போனிலேயே டார்ச்சைப் போட்டு செல்வின் பிடித்தான்.
டாக்டர் வள்ளியூரிலிருந்து ஒரே சொல் சொன்னார்: போடு.
அட்ரினலின் குப்பியின் கழுத்தை ஒடித்தேன்.
அரை மில்லி.
காக்கித் துணியோடு சேர்த்து,
தொடையின் வெளிப்பக்கத்தில், நேராக, ஆழமாக.

"அரிப்புக்கு அவில் போடலியா?" என்றது வாசல் கூட்டம்.
அரிப்புக்கு அது. உயிருக்கு இது.
"உக்கார வச்சு சோடா குடுங்க."
தொடாதீங்க.
படுத்தே கிடக்கணும், கால் மேலே இருக்கணும்,
இப்போது எழுப்பினால் இருக்கிற கொஞ்ச ரத்தமும்
நெஞ்சைக் கைவிட்டுக் கீழே போய்விடும்.
குளுக்கோஸ் பெட்டியை இழுத்து
கால் இரண்டையும் அதன்மேல் தூக்கி வைத்தேன்.
மூக்கில் ஆக்சிஜன், கையில் சலைன்.

போன் அடித்தது. டார்ச் வெளிச்சமும் சேர்ந்து நடுங்கியது.
மாவு மில். "கரண்டு எப்பம் வரும்?"
மறுபடியும். கல்யாண மண்டபம்.
மறுபடியும், பெயர் பதியாத ஒரு நம்பர்:
"லைன்மேன் இருக்காரா?"

செல்வின் என்னைப் பார்த்தான்.
சுவரில் முள் அஞ்சாவது நிமிஷத்துக்கு நகர்ந்திருந்தது.
நெஞ்சில் இன்னும் சீழ்க்கை. நாடி பாதிதான் திரும்பியிருந்தது.
இரண்டாவது குப்பியை ஒடித்தேன்.
மற்றத் தொடையில், அதே அரை மில்லி.
எதிர்முனையில் அந்த ஆள் வைக்கவே இல்லை.
"ஹலோ, ஹலோ" என்றுகொண்டே இருந்தான்,
நானும் மனசுக்குள் அதையேதான்.

முதலில் காது திரும்பியது, நீலத்திலிருந்து கறுப்புக்கு.
பிறகு ஒரு இருமல்.
பிறகு பலவேசம், தன் சொந்தக் குரலில்:
"எவம்ல அது போன்ல?"

"இருக்காரு" என்றான் செல்வின், உரக்க.
வைத்துவிட்டு அழுதான்.

எழுந்து போகணும் என்றார்; ஊர் இருட்டில் கிடக்குதாம்.
கிடக்கட்டும். அடங்கினது ராத்திரியில்
கொட்டே இல்லாமல் திரும்பி வரலாம்,
ஆம்புலன்ஸ் வருகிறது, பெரியாஸ்பத்திரியில்
நாளைவரை படுக்கணும் என்றேன்.
சீட்டில் சிவப்பு மையில் எழுதினேன்:
கதண்டு ஒவ்வாது. உயிருக்கு ஆபத்து.
சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டேன்.
போன வருஷம் பாக்கி வைத்ததையெல்லாம்
ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன்.
கேட்டாரோ என்னவோ.

ஏழே கால் இருக்கும். களக்காட்டு ஆள் வந்து
வாழையை வெட்டிப்போட்டு லைனைக் கொடுத்தார்.
தலைக்கு மேல் விசிறி
மெல்ல ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
படுத்தபடியே அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
பலவேசம் சொன்னார்:
"வோல்டேஜ் கம்மியா இருக்கே."